சூரிய குலமும் கூலி எண்ணும்

மன்னர்களுக்கு வம்சாவளி உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பாருங்கள். இராசேந்திர சோழனின் முன்னோர் வரிசை எங்கே தொடங்குகிறது? சூரியனிலே! பாளையக்காரர்களுக்கும் வம்சாவளி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மெக்கன்சி அவற்றைத் தேடித் தேடித் திரட்டினார். ஏர் பிடித்தவனுக்கு, நாற்று நட்டவளுக்கு, குளம் வெட்டியவனுக்கு வம்சாவளி எங்கே? எழுத ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. பாடி வரும் புலவனுக்குப் பரிசளிக்கப் பொன்னும் இல்லை.

ஆனால், ஏழைகளிலே ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் ஏடு ஒன்று வாய்த்தது. அதை எழுதியவன் புலவன் அல்ல, குமாஸ்தா. புகழ் பாடுவதற்காக எழுதவில்லை. தோட்ட முதலாளிக்கு ஆள் கணக்குக் காட்டுவதற்காக எழுதினான்.

1860 நவம்பர் 16. ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலே 342 பேர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். அன்று தொடங்கி 1911 வரையில், சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் அந்நாட்டிற்கு அனுப்பப்பட்டோர் 1,52,184 பேர். அவர்களிலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள்.

ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலிலே ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜில்லா, தாலுகா, ஊர், சாதி, உடலிலே உள்ள தழும்பு அல்லது மச்சம்! சந்தையிலே மாட்டைப் பார்த்து அடையாளம் குறிப்பது போலே மனிதனைக் குறித்தார்கள். முருகன் எண்ணானான், முனியம்மா எண்ணானாள். உழைப்பின் விலை என்று நாம் பொருள் கொள்ளும் 'கூலி' என்ற நம் சொல், அந்த மண்ணிலே வசைச்சொல் ஆயிற்று.

காலம் செய்த விந்தையைக் கேளுங்கள்! இழிவுபடுத்தத் தந்த அதே எண்தான், இன்று ஐந்தாம், ஆறாம் தலைமுறையினருக்கு வழிகாட்டும் கைவிளக்கு. பாட்டனின் பழைய திருமணச் சான்றிலோ இறப்புச் சான்றிலோ அந்த எண் கிடைத்தால், அதைக் கொண்டு கப்பல் பட்டியலைப் புரட்டலாம். பட்டியலிலே ஊர் கிடைக்கும். டர்பனில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும், மொரீசியசு நாட்டில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்திலும் இத்தகைய பதிவேடுகளைக் காத்து வருகிறார்கள். அடிமைபோல் நடத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அந்த ஏடுகளைக் கண்ணிலே ஒற்றிக்கொள்கிறார்கள்.

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டதா? இனித்தான் தொல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலக் காதால் கேட்டு, ஆங்கில எழுத்தால் எழுதியிருக்கிறான் குமாஸ்தா. ளகரமும் ழகரமும் அவனுக்கு ஒன்றே. வடஆர்க்காடு ஜில்லா என்று பட்டியல் சொல்லும். இன்றைய வரைபடத்திலே வடஆர்க்காடு எங்கே? 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1989இல் எஞ்சியது இரண்டாயிற்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாயிற்று. டர்பனிலிருந்து கையிலே ஒரு துண்டுத் தாளுடன் வந்து இறங்கும் இளைஞன் யாரைக் கேட்பான்? எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவான்?

இந்த இடத்திலே நாம் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்ல விரும்புகிறோம். பட்டியலிலே ஊர் என்றொரு பத்தி இருக்கிறது. சாதி என்றொரு பத்தியும் இருக்கிறது. முன்னதைத் தேடுங்கள், பின்னதை விட்டுவிடுங்கள். வேர் தேடுவது வேறு, சாதி தேடுவது வேறு. 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இங்கே துறந்தோம். கடலுக்கு அப்பாலோ, அதிகாரிகளின் பேனா அவற்றையே குடும்பப் பெயராக உறைய வைத்துவிட்டது. முதலி 'மூட்லி' ஆனார்; கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். அவர்களிலே பலருக்கு அது வெறும் பெயர். வேர் தேடி இங்கு வரும்போது நாம் அதை மீண்டும் சாதியாக்கி அனுப்பலாமா? கூடாது, கூடவே கூடாது!

தில்லையாடி வள்ளியம்மையை எண்ணிப் பாருங்கள். அந்த வீராங்கனை பிறந்தது தில்லையாடியில் அல்ல, சோகன்னசுபர்க்கில். ஒப்பந்தம் முடிந்தோர் மீது சுமத்திய மூன்று பவுன் வரியை எதிர்த்தும், கிறித்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லா என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்தும் எழுந்த போரிலே சிறை சென்று, 1914 பிப்ரவரி 22இல், 16ஆம் வயதிலே மாண்டார். அவர் பெயருக்கு முன்னே நிற்பது சாதி அல்ல, ஊர்! அதுதான் நாம் விரும்பும் வம்சாவளி.

2023இல் தமிழக அரசு 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தைத் தொடங்கி, அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து தமிழகத்தின் பெருமைகளைக் காட்டியது. பாராட்டுகிறோம். ஆனால், தஞ்சைக் கோபுரத்தைக் கண்டவன் தன் பாட்டன் வீட்டுத் தெருவைக் காண வேண்டாமா? மாமல்லபுரத்துக் கல்லைத் தொட்டவள் தன் பாட்டி நீர் மொண்ட குளத்திலே கை நனைக்க வேண்டாமா?

எனவே நாம் கேட்கிறோம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலே உள்ள பழைய சென்னை மாகாணக் கோப்புகளை, டர்பன், மொரீசியசு, பிஜிப் பட்டியல்களோடு ஒப்பிட்டு அட்டவணை ஆக்குங்கள். அன்றைய ஜில்லா, தாலுகா, ஊர்ப் பெயர்களுக்கு இன்றைய பெயர்களை எதிரெதிரே எழுதி ஒரு நூலாக வெளியிடுங்கள். மொரீசியசு மக்களில் ஏழாம் தலைமுறையினருக்கும் கடல் கடந்த இந்தியக் குடிமகன் அட்டை உண்டு என்று 2024 மார்ச்சில் அங்கே சென்ற குடியரசுத் தலைவர் அறிவித்தார். அறிவிப்பு நன்று, ஆனால் அட்டை கேட்பவன் ஆதாரம் காட்ட வேண்டுமே! அந்தத் தாளைத் தேடித் தருவது யார் கடமை? வழியனுப்பிய மண்ணின் கடமை அல்லவா?

கோப்புகள் செல்லரிக்கின்றன. "நம் ஊர் இன்னது" என்று பாட்டி வாயால் கேட்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். சூரியனிலிருந்து வந்ததாகச் சொல்லிக் கொண்டவர்களின் செப்பேடு பத்திரமாக இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்களின் ஏடும் அதே பத்திரத்துடன் இருக்கட்டும். அரச குலத்திற்கு ஒரு நீதி, உழைத்த குலத்திற்கு ஒரு நீதி என்பது இனியும் வேண்டாம்!