வாவிக்கரை ஏடுகளுக்கு ஓர் இணையத்தளம்: கருவிலிருந்து அரங்கேற்றம் வரை

மட்டக்களப்பு மரபுவழிக் கூத்தொன்று அரங்கேறுவதற்கு முன்னர் பல படிகளைக் கடக்கின்றது. கூத்துத் தெரியப்பட்டு, அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் ஆட்டம் பழக்கி, அடுக்குப் பார்த்த பின்னரே களரியில் அரங்கேற்றம் நிகழும். ஓர் இணையத்தளம் உருவாகும் முறையும் இதனின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. ஆயினும், நம்மவருட் பலர் களரியை முதலிற் கட்டிவிட்டுப் பின்னரே கூத்தைத் தேடப் புறப்படுகின்றனர். முகப்பின் நிறம் யாது, அதில் பாடுமீன் சின்னம் எங்கே அமையும் என்பன பற்றி மணிக்கணக்கில் வாதிடும் குழுக்கள், உள்ளே எதனை வைப்பது என்ற வினாவை இறுதிவரை எழுப்புவதில்லை. வாவியின் இரு கரைகளிலுமுள்ள கூத்துக் கொப்பிகளையும் ஏடுகளையும் ஊர்ச் சஞ்சிகைகளையும் பேணும் தளமொன்றை அமைப்பதாயின் வேலை எவ்வொழுங்கில் நிகழவேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

இத்தகைய முயற்சி புதியதன்று. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் திரட்டலாயிற்று. நூல்களைத் தட்டெழுதி ஏற்றுவதோடு நின்றுவிடாது பக்கங்களை வருடிப் படங்களாகவும் ஏற்றியமை அதன் வளர்ச்சிக்கு முக்கிய காரணம் என்பது எமது கருத்து. மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளை அது பயன்படுத்தியமையும் கவனத்திற்குரியது. எந்த நிறுவனத்தின் தயவையும் எதிர்பாராது பலர் கூடிப் பட்டியலிட அதனால் இயன்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் மட்டக்களப்புக் கரையைத் தாக்கின. ஒரேயொரு பிரதியாக ஒரு வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கொப்பிக்கு இவை எதனை உணர்த்தும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முதற்படி, தளம் யாருக்கு என்பதைத் தெளிவுறுத்துவதாகும். பல்கலைக்கழக ஆய்வாளனுக்கு நூல் வெளிவந்த ஆண்டும் பதிப்பும் வேண்டும். படுவான்கரையில் கூத்துப் பழகும் இளைஞனுக்குத் தனது பாத்திரத்தின் வரவுப் பாட்டும் தாளக்கட்டும் வேண்டும்; அவனிடம் இருப்பது மேசைக் கணினியன்று, திறன்பேசி. இருவரும் ஒரே வாயிலால் உள்நுழைவர். எனவே அமைப்பாளர்கள் கணினி முன் அமர்வதற்கு முன்னர் அண்ணாவிமாரிடமும் ஆசிரியர்களிடமும் வாசகசாலைகளிலும் சென்று உரையாடுதல் வேண்டும்.

இவ்வுரையாடலிலிருந்தே உள்ளடக்க ஒழுங்கு பிறக்கும். ஊர்வாரியாக வகுப்பதா, வடமோடி தென்மோடி என வகுப்பதா, அண்ணாவியார் பரம்பரை வழியாக வகுப்பதா? அச்சுப் பட்டியலில் ஒன்றையே தெரிவு செய்யவேண்டியிருந்தது. தரவுத்தளத்தில் ஒரே பதிவைப் பல வழிகளாலும் அடையச் செய்யலாம். இங்கே அரசியலும் உண்டு. வாவிக்கரையில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முகப்பிற் கோயிற் கோபுரங்களை மாத்திரம் நிறுத்திவிட்டு, காத்தான்குடியினதும் ஏறாவூரினதும் நாட்டார் கவிகளைப் ‘பிற’ என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கும் தளம், பிரதேசத்தின் பெயரைச் சொல்லும் தகுதியுடையதன்று. பட்டியல் அமைக்கும் வேளையிலேயே இதனைத் தீர்க்கவேண்டும். தளம் வெளிவந்த பின்னர் மன்னிப்புக் கோருவதாற் பயனில்லை. ஒழுங்கு முடிவான பின்னர் ஒவ்வொரு பக்கத்தினதும் மாதிரியைத் தாளிலே பென்சிலால் வரைதல் நன்று. தாளில் அழிப்பது எளிது.

அடுத்தது எழுத்துச் சிக்கல். எம்மவரிடமுள்ள தட்டெழுதிய கோப்புகளுட் கணிசமானவை பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்துகின்றது. அங்கே ‘அ’ என நாம் காண்பது கணினிக்கு ஆங்கிலத்தின் சிறிய ‘எம்’ மாத்திரமே. அக்கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால், எழுத்துரு இல்லாதவனுக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தோன்றும். தேடுபொறியும் அதனைத் தமிழென அறியாது. ஆகவே யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றுதல் இன்றியமையாதது. ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்பதனைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. இவற்றை ஒருசீராக்காவிடின் ‘கொக்கட்டிச்சோலை’ என்று தேடுபவனுக்குப் பதிவுகளிற் பாதி அகப்படாது போகலாம்.

படங்களுக்கு வருவோம். ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் வண்ணத்தில் வருடினால், சுருக்கப்படாத கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட் கொள்ளும். இம்மூலத்தைப் பேணிவைத்தல் அவசியம். ஆனால் வாசகனுக்கு அனுப்பவேண்டியது சில நூறு கிலோபைட்டுகளாகச் சுருக்கிய பிரதியே. வயலோரத்தில் நின்று திறன்பேசியைத் திறக்கும் ஒருவனுக்கு ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் அவனது தரவுப் பொதி தீர்ந்துவிடுமாயின், தளம் மக்களுக்குரியது என்ற கூற்று வெறும் வாய்ப்பேச்சே.

உரிமை பற்றியும் கூறவேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொதுவாக ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன்மேல் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை வழங்குகின்றது. அச்சு நூலுக்கு இக்கணக்குப் போதும். தலைமுறைகளாகத் திருத்தியும் கூட்டியும் எழுதப்பட்ட கூத்துக் கொப்பிக்கு ஆசிரியர் யார்? சட்டத்தின் விடை எதுவாயினும், கொப்பியைக் காத்துவந்த குடும்பத்தினதும் ஊரினதும் சம்மதத்தை எழுத்திற் பெறுவதும், பக்கத்தில் அவர்தம் பெயரைப் பொறிப்பதும் முறையாகும். ஏட்டை வாங்கிச் சென்றவர் அதனைத் திருப்பித் தராத கதை நம் ஊர்களில் அரிதன்று. அதனால் ஏற்பட்ட அவநம்பிக்கையையும் நாம் சுமக்கவேண்டியுள்ளது.

நிரலாக்கம் முடிந்ததும் அடுக்குப் பார்த்தல். தளத்தை ஆக்கியவரே அதனைச் சோதிப்பது போதாது. புதிதாக வரும் நால்வர் ஐவரிடம் பழைய திறன்பேசியைக் கொடுத்து, இன்ன கூத்தைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு, நாம் வாய்மூடி அருகே இருத்தல் வேண்டும். அவர்கள் தடுமாறும் இடங்களே திருத்தவேண்டிய இடங்கள். அவர்களுக்கு நாம் விளக்கஞ் சொல்லத் தொடங்கினால் சோதனை கெட்டுவிடும்.

வெளியீட்டுக்கு முன் தளப்பெயர் பதியப்படும். 2010 தொடக்கம் ‘.இலங்கை’ எனத் தமிழிலேயே முடியும் பெயர்களுக்கு வழி பிறந்துள்ளது. எனினும் தமிழ் விசைப்பலகை இல்லாதவருக்காக ‘.எல்கே’ பெயரொன்றையும் சேர்த்துப் பெறுதல் நலம். வெளியீட்டு விழாவுக்கு மாலைகளும் மங்கள விளக்கும் ஏற்பாடு செய்வோர், தளப்பெயருக்கும் வழங்கிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துவோர் யார் என்பதைத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். நிதியுதவி முடிந்த ஆண்டிலேயே தளமும் மறைவது இத்துறையில் வழமையான நோய். மூலப் படங்களின் மூன்று பிரதிகளேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று கடலுக்கும் வாவிக்கும் அப்பால், வேறொரு மாவட்டத்தில் இருத்தல் வேண்டும்.