தேனடை கட்டாத் தேனீக்கள்

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு எனப் போற்றுதல் மரபு. அத்தொடரைக் கேட்ட அளவில், காட்டு மரப்பொந்துகளிலும் உயர்ந்த கிளைகளிலும் அடைகட்டும் ஈக்களே நினைவுக்கு வரும். ஆயின், அடைகட்டாது, அரசியும் ஏவலரும் இன்றி, ஒவ்வொரு பெண்ணும் தனித்தே கூடமைத்துத் தன் மகவுக்கு உணவு சேர்த்து வைக்கும் தேனீக்களும் இந்நாட்டில் உள. வாவியின் மேற்கே, படுவான்கரையில், வவுணதீவைச் சூழ்ந்த வயல்வரம்புகளிலும் வீட்டு வளவுகளிலும் இத்தகையன பறந்து திரிதலைக் காணலாம். எனினும் ஊர்வழக்கில் இவற்றுக்குப் பெயர் இரண்டே: கரியதாயின் வண்டு, பிறிதாயின் குளவி. வண்டு மரத்தைக் கெடுக்கும், குளவி கொட்டும் என்னும் எண்ணத்தால் இவை கண்டவிடத்து அழிக்கப்படுகின்றன. இன்னதென அறியாத ஒன்றைப் பேணுதல் எவர்க்கும் இயலாது.

உலகில் இதுகாறும் விவரிக்கப்பட்ட தேனீயினங்கள் 20,000 இற்கும் மேற்பட்டவை. இலங்கையையும் உட்கொண்ட ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்கினம்’ என்னும் நூல்வரிசையில், குளவிகளையும் தேனீக்களையும் பற்றிய பகுதியைப் பிங்கம் என்பார் 1897 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல், நான்கு குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 150 இனங்களை இலங்கைக்கு உரியனவாகக் காட்டும். இவற்றுள் மக்கள் தேனெடுப்பன மலைத்தேனீ, பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, கொடுக்கற்ற கொசுத்தேனீ ஆகிய நான்கே. எஞ்சியவற்றுட் பெரும்பாலன தனிவாழ்வின.

பண்டைத் தமிழ்ப் புலவர் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பல பெயர்களை எடுத்தாண்டனர். தொல்காப்பிய மரபியல் தும்பியை நண்டோடு சேர்த்து நாலறிவுயிர் என வகுக்கும். இன்றோ தும்பி என்றதும் சிறுவர் சுட்டுவது நீர்நிலையருகே பறக்கும் நீண்டவுடற் பூச்சியையே. பெயர்கள் எஞ்சினும் அவை குறித்த உயிர்கள் எவையென்னும் தெளிவு மங்கிற்று. ஆதலின் பெயரிலிருந்து உயிரைத் தேடுவதினும், உயிரைக் கண்டு பெயரறிதலே தக்க நெறியாகும்.

முதற்கண், தேனீயல்லாதவற்றை விலக்குதல் வேண்டும். மலரில் அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக்கள் சில, தேனீயைப் போன்றே மஞ்சளும் கறுப்புமான வரிகளை உடையன. அவற்றுக்குச் சிறகு இரண்டு. உணர்கொம்பு மிகக் குறுகியது. தேனீக்குச் சிறகு நான்கு; உணர்கொம்பு முழங்கைபோல் வளைந்து நீண்டது. உண்மையான வண்டுக்கோ முன்சிறகுகள் கெட்டியான ஓடாகி உடலை மூடியிருக்கும். குளவியைப் பிரித்தறிதல் சற்று அரிது. குளவியின் உடலில் மயிர் அருகியிருக்கும், இடை மெலிந்திருக்கும். தேனீயின் மயிரைக் கைவில்லையால் நோக்கின், அது சிறகுபோற் கிளைத்திருத்தல் புலனாகும். மகரந்தம் அதில் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

எனினும் உருவத்தினும் செயலே தெளிந்த சான்று. சுவரில் மட்கூடு கட்டும் வேட்டுவன், புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னுருவாக்கும் என்பது சைவநூல்களில் வழங்கும் உவமை. இயற்கையில் அப்புழு, வேட்டுவனின் குடம்பிக்கு வைக்கப்பட்ட உணவாகும். குளவி தன் மகவுக்கு ஊனைத் தேடும். தேனீயோ மகரந்தத்தையும் தேனையும் பிசைந்த உருண்டையையே வைக்கும். கூட்டுக்குட் கொண்டு செல்லப்படுவது எதுவென நோக்குவார்க்கு ஐயம் நீங்கும்.

அடுத்து நோக்கற்பாலது, மகரந்தம் எவ்விடத்திற் சுமக்கப்படுகின்றது என்பதாகும். வயிற்றின் அடிப்புறம் முழுதும் மஞ்சட்பொடி அப்பியிருப்பின், அது இலைவெட்டித் தேனீயின் குடும்பத்தது. பின்னங்கால்களிற் சுமப்பின் வேறு குடும்பத்தது. சில சிறு கருந்தேனீக்கள் மகரந்தத்தை விழுங்கி வயிற்றகத்தே கொண்டு செல்லும். மயிர் குறைந்து முகத்தில் மஞ்சட்புள்ளி பெற்றிருத்தலால், அவற்றைக் குளவியென மயங்குதல் எளிது.

வளவுகளிற் காணத்தக்க முதன்மையானது தச்சுத்தேனீ. ஊரார் கருவண்டென்பது இதனையே. நூலோர் இதனைச் சைலோகோப்பா என்பர். மரம் வெட்டுவது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பருத்த கரிய உடலும், வெயிலில் ஊதாவும் பச்சையுமாக மின்னும் சிறகும் உடையது. காய்ந்த கைமரத்தில் வட்டத்துளை இருந்து, அதன் கீழே மரத்தூள் சிந்திக் கிடப்பின், அஃது இதன் இல்லமாகும். மரத்தை இது உண்பதில்லை. தாடையாற் குடைந்து, உள்ளே அறையறையாகத் தடுத்து, அறைக்கொரு முட்டையிடும்.

இரண்டாவது நீலவரித் தேனீ. நெஞ்சறை பழுப்பு மயிரால் மூடப்பட்டிருக்க, கரிய வயிற்றிற் பளபளக்கும் நீலவரிகள் குறுக்கே ஓடும். ஓரிடத்தில் நில்லாது பாய்ந்து பாய்ந்து பறக்கும். வரம்பின் சரிவிலும் பழைய மண்சுவரிலும் துளையிட்டு வாழும். அந்திப்பொழுதில் இதன் ஆண்கள் மெல்லிய காம்பொன்றைத் தாடையாற் கௌவித் தொங்கியவாறு உறங்குதல் வியத்தற்குரிய காட்சி.

மூன்றாவது இலைவெட்டித் தேனீ. ரோசாச் செடியின் இலைவிளிம்பு, கத்தரிகையால் வளைத்து வெட்டியதுபோல் ஒழுங்காக அரியப்பட்டிருப்பின், அது புழுவின் செயலன்று. நீள்வட்டத் துண்டுகளால் அறைச்சுவரையும், வட்டத் துண்டுகளால் மூடியையும் இத்தேனீ அமைக்கும். மூங்கிற் குழாயும் பிற சிறு பொந்துகளும் இதற்கு இடமாகும். இவற்றின் கூட்டிற் களவாக முட்டையிடும் குயில்தேனீக்களும் உள. உழைத்துணவு சேர்க்காமையின், அவற்றின் உடலில் மகரந்தம் சுமக்கும் மயிர்த்தொகுதி இராது.

இவற்றை அறிவதால் வரும் பயன் யாது? வவுணதீவின் பெருவிளைவாகிய நெல் தன்மகரந்தச் சேர்க்கையால் மணிபிடிப்பது. அதற்குத் தேனீ வேண்டா. தோட்டப்பயிரின் நிலை வேறு. பூசணி, பாகல், பீர்க்கு முதலியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாதலின், மகரந்தம் கொணர்வார் இன்றேல் காய் இல்லை. கத்தரிப்பூவின் மகரந்தக்கூடு நுனியிற் சிறுதுளை மட்டும் உடையது. உப்புக்குப்பியைக் குலுக்குதல்போல் அதனை அதிர்த்தாலன்றிப் பொடி நன்கு உதிராது. நீலவரித் தேனீயும் தச்சுத்தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு நெஞ்சத்தசைகளை விரைந்து துடிக்கச்செய்து ரீங்கரிக்க, மகரந்தம் சொரியும். அடைத்தேனீக்கு இவ்வாற்றல் இல்லை. தேனெடுப்பார்க்கு உதவாத தேனீயே கத்தரித் தோட்டத்தார்க்குக் கூலிபெறா உழைப்பாளி ஆகின்றது.

அவ்வுழைப்பாளியின் நிலை இன்று தளர்ந்து வருகின்றது. மண்சுவர் கற்சுவராக, கிடுகுக்கூரை தகரமும் ஓடுமாக மாறுமிடத்துக் கூடமைக்கும் இடம் அருகும். பூ விரியும் காலைப்பொழுதிற் பூச்சிகொல்லி தெளித்தால், பயிரைக் கெடுக்கும் பூச்சியோடு காய்தரும் பூச்சியும் மடியும். கொட்டும் என்னும் அச்சமோ பெரிதும் அடிப்படையற்றது. காக்க வேண்டிய பெருங்கூடு இவற்றுக்கு இல்லையாதலின், கையிற் பிடித்து நசுக்கினாலன்றிப் பெண்தேனீ கொட்டுதல் அரிது. ஆணுக்குக் கொடுக்கே இல்லை.

செய்யவேண்டுவன சிலவே. வளவின் ஒரு மூலையில் வெறுநிலத்தைக் கொத்தாது விடுதல், பட்டுப்போன மரத்துண்டொன்றை வேலியோரம் இருக்கவிடுதல், மருந்து தெளித்தலை மாலைக்கு மாற்றுதல் என்பன எவர்க்கும் இயல்வன. மாணவர் ஒரு கைவில்லையும் குறிப்பேடும் கொண்டு, எப்பூவில், எப்பொழுதில், எவ்விடத்தில் மகரந்தம் சுமந்து எத்தேனீ வந்ததென எழுதிவருவாராயின், ஓராண்டில் அவ்வூருக்கென ஒரு பட்டியல் உருவாகும். கத்தரிப்பூவில் ரீங்காரம் கேட்டதும் குளவியென்று கல்லெடுக்கும் சிறுவன், நீலவரித் தேனீ என்று பெயர்சொல்லி நின்று பார்க்கும் நாளில், தேனாடு என்னும் பெயர் இன்னும் பொருளுடையதாகும்.