கணனியின் 'ஓய்வும்' நுரைச்சோலை நிலக்கரியும்

வீட்டுக் கணனியின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்கு நன்கொடையாக வழங்கலாம் என்பர். 'ஓய்வு' என்னும் சொல்லே இங்கு ஆய்வுக்குரியது.

பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 'பொயிங்க்' மென்பொருள், ஆய்வுத் திட்டங்களின் கணிப்பைச் சிறு பணிகளாகப் பெற்று வீட்டில் நடத்துகிறது. செயலியில் தனித்துக் கணிக்கவல்ல நான்கு கருக்கள் இருப்பின், பொதுவாக நான்கு பணிகள் ஒருங்கே நடைபெறும். பணிகள் மிகுந்தால் முறைவைத்து இயங்கும்: வேறுவிதமாக வகுக்காவிடின் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றம், தவணை நெருங்கிய பணிக்கு முன்னிடம். மின்சாரம் நின்றாலும், இறுதியாக வட்டிற் பதிந்த நிலையிலிருந்து பணி தொடரும். 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சிறு வசதியன்று.

உரிமையாளர் தம் வேலையைத் தொடங்கியதும் இப்பணிகள் வழிவிடும்; எனவே இழப்பேதுமில்லை என்று தோன்றும். ஆயின் ஓய்ந்திருக்கும் செயலி கொள்ளும் மின்சாரம் சொற்பம். முழுதாக உழைக்கும் செயலி கொள்வதோ பன்மடங்கு. கற்பிட்டிக் குடாநாட்டு வீடொன்றில் அது மின்பட்டியலில் ஏறும். நாட்டின் மின்சாரத்திற் கணிசமான பகுதி, அதே கரையின் நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரியை எரிக்கும் 900 மெகாவாட் நிலையத்திலிருந்து வருவது. அதன் சாம்பற்றூசு அயற் கிராமங்களின் நீண்டகால முறைப்பாடு. பங்கேற்பவருக்குக் கிடைப்பது புள்ளிகள், கிராமத்தவருக்கு அதுவுமில்லை. பயன்படும் கருக்களின் விகிதத்தையும் இயங்கும் நேரத்தையும் குறைக்க மென்பொருளில் இடமுண்டு. மின்மானியைப் பார்த்தபின் அவற்றை வகுத்துக்கொள்வதே முறை.