ஓர் ஆட்டத்தில் முடிந்துவிடும் சீசன்

வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கல்லூரியில் சேர்கிற கால்பந்துப் பையன் காலிகட் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வருவான். அந்தப் பக்கம் சேர்ந்தால் கோவை பாரதியார் பல்கலைக்கழகம். தெற்கே போனால் இதே கதைதான். மூணாறு அரசுக் கல்லூரியும் குட்டிக்கானம் மரியன் கல்லூரியும் கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. போடிமெட்டு இறங்கினால் போடி, உத்தமபாளையம் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். எல்லையோரத்தில் ஒரே மாதிரி தமிழ் பேசி, ஒரே மாதிரி தரையில் பந்து உதைத்து வளர்ந்த பையன்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நான்கு தனித்தனிப் போட்டி அட்டவணைகளுக்குள் போய்விடுகிறார்கள். வருகிற சீசனில் பாலக்காட்டுச் சித்தூர் கல்லூரி எப்படி ஆடும், மூணாறு எவ்வளவு தூரம் போகும் என்று டீக்கடையில் பேச்சு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான். அணியை அப்புறம் பார்க்கலாம்.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் வாய்ப்பைக் கணிப்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. அவர்கள் ஆடுவது வேறு ஃபுட்பால், அதை விடுங்கள். அங்கே ஓர் அணிக்கு ஒரு சீசனில் வழக்கமாக 12 ஆட்டம், யாரோடு, எந்த ஊரில் என்பது வெகு முன்பே முடிவாகியிருக்கும். அதனால் எதிரிகளின் பலத்தைக் கூட்டிக் கழித்து, இந்த அணி எட்டு ஆட்டம் ஜெயிக்கும், ஒன்பது ஜெயிக்கும் என்று எழுத முடிகிறது. நம் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து சர்க்குலர் வரும், பெயர் கொடுக்க ஒரு கடைசி நாள் இருக்கும், அதன்பின் ஃபிக்சர் வரும். பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். நன்றாகப் பயிற்சி எடுத்த ஓர் அணிக்குக்கூட அந்த ஆண்டின் அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றே ஒன்றாக இருந்துவிடலாம்.

ஆகவே ஃபிக்சரைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு எளியது. 22 கல்லூரிகள் பெயர் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நாக்-அவுட்டில் ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றும், எனவே மொத்தம் 21 ஆட்டம். அணிகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் வராவிட்டால் அடுத்த எண்ணிலிருந்து கழிப்பார்கள். 32இல் 22 போனால் 10. அந்தப் பத்து அணிகளுக்கு ‘பை’, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே இரண்டாம் சுற்று. மீதி 12 அணிகள் ஆறு ஆட்டம் ஆடி, ஜெயித்த ஆறும் இந்தப் பத்தோடு சேர்ந்தால் 16.

பை கிடைத்த அணி கோப்பையைத் தொட நான்கு ஆட்டம் ஜெயித்தால் போதும், கிடைக்காத அணிக்கு ஐந்து. ஓர் ஆட்டம்தானே என்று தோன்றும். எந்த எதிரியையும் நூற்றுக்கு அறுபது தடவை வெல்லக்கூடிய நல்ல அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆட்டத்தையும் அது வரிசையாக ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம். ஐந்து என்றால் சுமார் 8 சதவீதம். பையன்கள் அதே பையன்கள்தான், பயிற்சியும் அதேதான், ஃபிக்சர் தாளில் பெயர் எந்த வரியில் விழுந்தது என்பதில் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடுகிறது. அறுபது சதவீத அணிகூட நூற்றில் எண்பத்தேழு தடவை கோப்பை இல்லாமல்தான் திரும்பும் என்பதையும் கவனியுங்கள். தோற்ற அணியின் பி.டி. சாரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

பையைவிட முக்கியமானது ‘சீட்’. போன ஆண்டு அரையிறுதி வந்த நான்கு அணிகளும் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளக்கூடாது என்பதற்காக ஃபிக்சரின் நான்கு கால்பாகங்களில் ஒவ்வொன்றாக வைப்பார்கள். அப்படியானால் சீட் இல்லாத எந்தக் கல்லூரியும் அரையிறுதிக்கு முன்னால் ஒரு பெரிய அணியைச் சந்தித்தே தீரும், இடையில் யாராவது அந்தப் பெரிய அணியைக் கவிழ்த்தால் ஒழிய. எப்போது சந்திக்கும் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. முதல் ஆட்டத்திலேயே என்றால் சீசன் தொண்ணூறு நிமிடம். கால்இறுதியில் என்றால் குறைந்தது இரண்டு ஆட்டம் கையில் இருக்கும். சிறிய கல்லூரிகளுக்கு இந்த வித்தியாசம் கோப்பையைவிடப் பெரிது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாலக்காட்டுக் கல்லூரிகளின் பாதை கொஞ்சம் கரடுமுரடு. காலிகட்டின் எல்லைக்குள் திருச்சூர், பாலக்காடு, மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு என்று ஐந்து மாவட்டங்கள். கேரளத்தின் கால்பந்துப் பலத்தில் பெரும்பகுதி இங்கேதான். முதலில் மண்டல ஆட்டங்கள், அதில் தேறினால் மண்டலங்களுக்கு இடையிலான இன்டர்சோன். திருச்சூர் கேரளவர்மா, இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட், மம்பாடு எம்.இ.எஸ்., ஃபாரூக் என்று ஏதாவது ஒன்று வழியில் நின்றுகொண்டே இருக்கும். 1968இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம், 1971இலேயே விக்டர் மஞ்ஞில தலைமையில் அகில இந்தியப் பல்கலைக்கழகக் கோப்பையான அசுதோஷ் முகர்ஜி ஷீல்டை வென்றது. அதற்குப் பின்னும் பலமுறை வென்றிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் சித்தூர் அரசுக் கல்லூரியோ கொழிஞ்சாம்பாறைக் கல்லூரிகளோ இன்டர்சோன் கோப்பையைத் தூக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். அது அந்தப் பையன்களின் குறை இல்லை.

இடுக்கியின் பிரச்சினை தூரம். எம்.ஜி. பல்கலைக்கழகத்தின் பெரிய அணிகள் மலைக்குக் கீழே இருக்கின்றன: கோதமங்கலம் மார் அதனேசியஸ், எர்ணாகுளம் மகாராஜாஸ், கோட்டயத்துக் கல்லூரிகள். மூணாறிலிருந்து கோதமங்கலத்துக்கே சுமார் 80 கிலோமீட்டர், அடிமாலி, நேரியமங்கலம் வளைவுகள் வழியாக. கோட்டயம் இன்னும் தள்ளி. காலை ஆட்டம் என்றால் முந்தைய நாளே இறங்கித் தங்க வேண்டும். தங்கும் செலவு கட்டுப்படியாகாவிட்டால் விடியற்காலை வண்டி. அப்படி வந்து இறங்கிய அணி முதல் இருபது நிமிடத்தில் இரண்டு கோல் வாங்குவதைப் பார்த்தால் தடுப்பாட்டம் சரியில்லை என்று எழுதிவிடாதீர்கள். மூணாறு கல்லூரிக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2018 ஆகஸ்ட் நிலச்சரிவில் அதன் கட்டடங்கள் பாழாகி, வகுப்புகள் வேறு இடத்துக்கு மாறின. வகுப்பறைக்கே இடம் தேடிய கல்லூரியில் மைதானத்தைப் பற்றி யார் பேசுவது?

அதே சமயம் மூணாறில் பந்து இல்லாமல் இல்லை. எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டி சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. லயத்துப் பிள்ளைகள் அப்பா, பெரியப்பா ஆடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பழைய மூணாறில் உயரமலை விளையாட்டுப் பயிற்சி மையத்தின் மைதானமும் இருக்கிறது. இவற்றை வைத்து, ‘மலைப் பையன்களுக்கு மூச்சு அதிகம், அவர்களை ஓடி ஜெயிக்க முடியாது’ என்று ஒரு பேச்சு உலவும். இதை அப்படியே நம்பவேண்டாம். மூணாறு சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விளையாட்டு மருத்துவத்தின் வகைப்பாட்டில் 2,000 மீட்டருக்குக் கீழே இருப்பது ‘குறைந்த உயரம்’தான். அங்கே வாழ்வதால் கிடைக்கும் லாபம் சிறிது. நஷ்டம் ஒன்று நிச்சயம். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால் பந்து காற்றில் சற்று நீளமாகப் போகும். அந்தக் கணக்கிலேயே உதைத்துப் பழகிய கால் எர்ணாகுளத்தில் உதைத்தால் நீண்ட பாஸ் குறுகி விழும். கூடவே கடலோரப் புழுக்கம். ஒரு நாள் முன்னதாக இறங்கி, மாலையில் அரைமணி நேரம் பந்தை உதைத்துப் பார்க்க முடிந்த அணியா என்று விசாரியுங்கள். நுரையீரலைவிட அது நம்பகமான குறி.

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் இதற்கு நேர் எதிர். எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கேரளத்திலேயே மழை குறைந்த பூமிகளில் ஒன்று. தரை கட்டாந்தரை, பந்து துள்ளிக்கொண்டே வரும். அங்கே பழகியவர்கள் மலப்புறத்தில் மழையில் ஊறிய மைதானத்தில் இறங்கினால் பந்து காலுக்கு வராமல் பாதியில் நின்றுவிடும். போட்டி எந்த மாதத்தில், எந்த ஊர் மைதானத்தில் என்பதைப் பார்த்துவிட்டால், யாருக்குச் சாதகம் என்பதைப் பாதி சொல்லிவிடலாம்.

இப்போது அணிக்கு வருவோம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள். போனவர்கள் எத்தனை பேர் என்பதைவிட எந்த இடத்துக்காரர்கள் என்று கேளுங்கள். விங்கில் ஓடுகிற பையன் எல்லா ஆண்டும் கிடைப்பான். கோல்கீப்பரும் நடுத்தடுப்பில் நின்று சத்தம் போடுகிறவனும் சேர்ந்து போயிருந்தால் அந்த அணி இரண்டு படி இறங்கும் என்று தயங்காமல் சொல்லலாம். முதுகலை வகுப்பு உள்ள கல்லூரிகளுக்கு ஒரு வசதி: நல்ல ஆட்டக்காரனை இன்னும் இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளலாம். சித்தூரில் தமிழிலேயே எம்.ஏ. இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் வயது வரம்பு 25 என்பதால் அதுவரை தடையில்லை. 2024இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்ததும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் ஆனர்ஸுக்கு நிற்கிறவர்கள் 2027-28இலும் களத்தில் இருப்பார்கள். அப்போது நான்காம் ஆண்டுக்காரர்கள் நிறைந்த அணி எது என்று பாருங்கள்.

செவன்ஸையும் சேர்க்காமல் எந்தக் கணிப்பும் முழுமை பெறாது. மழை ஓய்ந்ததும் மலபாரில் ஏழு பேர் ஆடும் ஆட்டம் தொடங்கி, அடுத்த மழை வரை ஊர் ஊராக நடக்கும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூன்றிலும் ஆடிய பாலக்காட்டு தன்ராஜ், 2019 டிசம்பரில் பெரிந்தல்மண்ணையில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின் நடுவேதான் சரிந்து விழுந்து இறந்தார். அத்தனை பெரிய கிளப்புகளைப் பார்த்தவரே செவன்ஸுக்குத் திரும்பினார் என்றால் கல்லூரிப் பையனை எப்படிக் குறை சொல்வது? ஆனால் ராத்திரி செவன்ஸ் ஆடிவிட்டு மறுநாள் மண்டல ஆட்டத்துக்கு வரும் ஸ்ட்ரைக்கரின் தொடை எழுபதாவது நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். கல்லூரி ஃபிக்சர் தேதியையும் சுற்றுவட்டாரச் செவன்ஸ் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். செமஸ்டர் தேர்வுத் தேதியை மூன்றாவதாக வையுங்கள். அது தள்ளிப்போய் ஆட்ட வாரத்தில் விழுந்தால் கல்லூரியில் மிச்சம் இருக்கிறவர்களை வைத்துத்தான் அணி.

பெண்கள் பிரிவில் கணக்கு வேறு. பெயர் கொடுக்கும் கல்லூரிகள் குறைவு, எனவே ஃபிக்சர் சிறியது. எட்டு அணி என்றால் மூன்றே வெற்றியில் கோப்பை. அதே அறுபது சதவீத அணிக்கு இங்கே வாய்ப்பு சுமார் 22 சதவீதம். எல்லைப்புறக் கல்லூரி ஒன்று பதினாறு பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால், ஆண்கள் அணியைவிட வெகுதூரம் போக முடியும். இதை ஏன் அதிகக் கல்லூரிகள் செய்து பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியாத சங்கதி.

சிறிய கல்லூரிக்கு இரண்டாவது ஆட்டம் ஏன் கோப்பையைவிடப் பெரிது என்றால், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். தேர்வாளர்கள் பார்க்கிற நிமிடங்கள்தான் பையனின் முதலீடு. முதல் ஆட்டத்தில் வெளியேறிய கல்லூரியின் நல்ல மிட்ஃபீல்டர் 90 நிமிடம் கண்ணில் படுவான், கால்இறுதி வரை வந்தவன் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பயிற்சி முகாமுக்கு அழைப்பு, ஸ்போர்ட்ஸ் கோட்டா, கிரேஸ் மார்க், பின்னால் ஒரு டிபார்ட்மெண்ட் வேலை எல்லாம் அங்கிருந்து கிளை பிரிகிறவை. 2025இல் கேரள அரசு தொடங்கிய கல்லூரி விளையாட்டு லீக் ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டும் முயற்சி. லீக் என்றால் நான்கு அணிப் பிரிவில்கூட ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம் உறுதி. ஆனால் ஏற்கெனவே வலுவான கல்லூரிகளே அதிலும் இடம் பிடித்துக்கொண்டால் எல்லைக்காரர்களுக்கு மாற்றம் ஒன்றும் இருக்காது.

முகாமில் இடம் கிடைத்தவனுக்கு அடுத்தது தென்மண்டலப் போட்டி. கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள் நாக்-அவுட்டில் மோதி, மிஞ்சும் நான்கும் தமக்குள் லீக் ஆடும். அந்த நான்குமே அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி. லீக்கில் முடிவாவது யார் முதல், யார் நான்காவது என்பது மட்டும். ஆகவே தென்மண்டலத்தில் உயிர்போகிற ஆட்டம் கால்இறுதிதான், அதற்குப் பின் வரும் தோல்விகளைப் பார்த்துப் பதற வேண்டாம். பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும் இந்தப் போட்டியில் ஒரு பக்கம் காலிகட்டுக்கோ எம்.ஜி.க்கோ சித்தூர், மூணாறுப் பையன் ஆடுவான். எதிர்ப்பக்கம் பாரதியார் சட்டையில் பொள்ளாச்சிக்காரன், காமராசர் சட்டையில் போடிக்காரன். இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை உண்டு, ஆனால் தேதி அப்படி விழுந்தால் நால்வருக்கும் பொங்கல் மைதானத்தில்தான். அதற்கு முன்னதாக, இன்டர்சோன் முடிந்த கையோடு முகாமுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் வரும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கல்லூரியின் பெயர் இருக்கும். எல்லைப்புறக் கல்லூரியின் சீசன் எப்படிப் போனது என்பதை அங்கே தேடுங்கள்.