ஊருக்கு எழுதி வைத்த வீடு



ராஜபாளையத்தில் 1898-இல் பிறந்தவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். காந்தியடிகளின் வழியில் விடுதலைப் போரில் இறங்கிச் சிறை சென்றார். 1949-இல் சென்னை மாகாணப் பிரதமரானார். 1950-இல் நாடு குடியரசானபோது சென்னை மாநில முதலமைச்சரும் அவரே. பின்னர் ஒரிசாவின் ஆளுநர்.

இத்தனை பதவிகள் வகித்தவர், தாம் வாழ்ந்த வீட்டைச் சொந்தபந்தங்களுக்கு என வைத்துக்கொள்ளவில்லை, ஊர்மக்களுக்கே கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம்.

1957-இல் அவர் மறைந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் கண்டு வணங்குவோர், பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கும் வந்து இந்த மன்றத்தின் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பொதுவாழ்வு என்பதன் பொருள் அங்கே விளங்கும்.