ஓட்டப் பயிற்சியும் மனப்பாங்கும்

மாணவர்களே, இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கியதும் முதல் மூன்று நாட்கள் மூச்சு வாங்க ஓடிவிட்டு, நான்காம் நாள் கால்வலியுடன் பயிற்சியைக் கைவிடுவோர் பலர். தமக்கு ஓட்டம் சரிவராது என்றும் முடிவு செய்துவிடுவர். பயிற்சியையே போட்டியாகக் கருதும் மனப்பாங்கே இதற்குக் காரணமாகும்.

கென்ய வீரர் எலியுட் கிப்சோகேக்கு 2012 இலண்டன் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. மறுவருடம் மரதன் ஓட்டத்துக்கு மாறிய அவர், 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். வாரத்தில் சில நாட்களே அவர் கடுமையாக ஓடுவார். ஏனைய நாட்களில் மெதுவாகவே ஓடுவார். ஓடியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் அவரது வழக்கம்.

கடும் பயிற்சியால் களைத்த தசைகள் மீண்டு வலுப்பெறுவது ஓய்வின்போதாகும். எனவே மெதுவாக ஓடும் நாளைச் சோம்பல் எனக் கருதக்கூடாது. அருகில் ஓடுபவருடன் தடையின்றிப் பேச முடியுமாயின் அன்றைக்கு அந்த வேகம் போதும்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்புத் தூரம் ஓடி ஈடுசெய்ய முயல வேண்டாம் (பரீட்சைக்கு முதல்நாள் இரவிரவாகப் படிப்பதும் இத்தகையதே). வழமையான தூரத்தையே ஓடுங்கள். காய்ச்சலோ, ஓட ஓட அதிகரிக்கும் மூட்டுவலியோ இருப்பின் மட்டும் நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் கூறுங்கள்.