விளக்கு எரியும், செல்ஃப் எடுக்காது

காரின் முகப்பு விளக்கு எரிந்து, ஹாரனும் ஒலித்து, சாவியைத் திருப்பும்போது மட்டும் இன்ஜின் அசையாமல் நிற்குமானால், விளக்கைச் சான்றாகக் கொண்டு பேட்டரி நலமாக இருக்கிறது என்று சிலரும், செல்ஃப் எடுக்காததைச் சான்றாகக் கொண்டு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வேறு சிலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். பேட்டரியின் முனையும் கம்பியும் ஒன்றைக் கவ்வி ஒன்று நிற்கும் இணைப்பில்தான் பழுது இருக்கக்கூடும் என்பது இவ்விரு தரப்பாருக்கும் தோன்றாமல் போவதால், நல்ல பேட்டரி ஒன்று காலத்துக்கு முன்பே கழிக்கப்படுவதும் உண்டு.

கேரள-தமிழ்நாடு எல்லையோரம், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட செங்கல் போன்ற ஊர்களில் இந்தப் பழுதுக்கு இடமளிக்கும் சூழல் இயல்பாகவே அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இப்பகுதியில் காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியும் குறைவதில்லை. பூவாறு, பொழியூர்க் கடற்கரைகளும் தொலைவில் இல்லை. வீட்டுக்காரர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்க, கார் வாரக்கணக்கில் முற்றத்தில் நிற்பதும் இப்பகுதியில் காணக்கூடியதே.

கையால் சுழற்றி இன்ஜினை எழுப்பிய காலம் போய், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றதிலிருந்து, அந்த உழைப்பைப் பேட்டரியே ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே 1859இல் கண்டறிந்த ஈய-அமில முறையிலேயே இன்றைய கார் பேட்டரியும் இயங்குகிறது. ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், முழுதும் ஊட்டம் பெற்று ஓய்வில் இருக்கும் பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் காணப்படும், அது 12.2 ஆக இறங்கினால் பாதி ஊட்டமே எஞ்சியுள்ளது என்று கொள்ளலாம்.

முகப்பு விளக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 150 ஆம்பியர் அளவிலும் தேவைப்படலாம். முனையில் படிந்த அரிப்பு 0.02 ஓம் என்ற மிகச் சிறிய தடையை உண்டாக்கினாலும், விளக்கு எரியும்போது அங்கே 0.1 வோல்ட் மட்டுமே இழக்கப்படுவதால் ஒளி மங்குவது கண்ணுக்குத் தெரியாது. 150 ஆம்பியர் பாய வேண்டியபோது அதே இடம் 3 வோல்ட்டை விழுங்கிவிடுவதால் மோட்டார் சுழல்வதற்கு வேண்டிய வலிமை சென்றடைவதில்லை. எரியும் விளக்கு இணைப்பின் நலத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சாவியைத் திருப்பும்போது எழும் ஒலியும் பழுதின் இடத்தைக் காட்டும். ஸ்டார்ட்டருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்சுக்குச் சோலினாய்டு என்று பெயர். அது இழுத்தவுடன் வோல்ட் சரிந்து, பிடி விட்டு, வோல்ட் மீண்டதும் மறுபடி இழுப்பதால்தான் ‘டக்டக்டக்’ என்ற தொடர் ஒலி கேட்கிறது. இது ஊட்டம் குறைந்த பேட்டரியையோ மோசமான இணைப்பையோ சுட்டும். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால் சோலினாய்டையோ மோட்டாரையோ ஐயுறலாம். இன்ஜின் வேகமாகச் சுழன்றும் பற்றாவிட்டால் பழுது எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்க வாய்ப்புண்டு.

வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டிலும், மறுமுனையை அதைக் கவ்வும் கிளாம்பிலும் வைத்து, மற்றொருவர் சாவியைத் திருப்பும்போது பார்த்தால் ஐயம் தீரும்: ஏறக்குறைய சுழியமாக இருக்கவேண்டிய அந்த அளவு அரை வோல்ட்டையோ அதற்கு மேலோ காட்டினால் குற்றம் இணைப்பினுடையதே. பேட்டரியின் எதிர்முனையை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த் கம்பியின் மறுகோடியையும் இவ்வாறே சோதிக்கவேண்டும்.

இணைப்பைச் சுத்தம் செய்யும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டினால், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி எழுவது தவிர்க்கப்படும். வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ படிந்திருக்கும் அரிப்பை, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, நன்றாகக் காயவிட்டு இறுக்கியபின் மேலே வாசலின் பூசினால் ஈரம் அண்டாது. கையுறையும் கண்ணாடியும் இதற்குத் தேவை. பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடுமாதலால் அருகில் நெருப்பு இருத்தலாகாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, ஓட்டத்தில் பேட்டரிக்கு ஊட்டம் தரும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கம், மின்னழுத்தம் திடீரென உயர்ந்து இன்றைய வண்டிகளின் மின்னணுப் பகுதிகளைக் கெடுக்கும் என்பதால் கைவிடத்தக்கது. ஓடும் வண்டியின் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணப்படுகிறதா என்று அளந்தாலே பெரும்பாலும் போதும்.

நெடுநாள் நிற்கும் காரில் கடிகாரமும் திருட்டுத் தடுப்புக் கருவியும் ஓயாமல் சிறிது மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். அது 50 மில்லி ஆம்பியராக இருந்தாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகி, 35 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். அந்நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு ஊட்டம் ஏற்றினாலும் பழைய ஆற்றல் முழுவதும் திரும்புவதில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது வண்டியை ஓட்டச் செய்வது, அதற்கு ஆளில்லையெனில் நின்றபடியே ஊட்டம் தரும் சார்ஜரைப் பொருத்துவது ஆகியவை இதைத் தடுக்கும்.

இவையனைத்தும் செய்தும், ஊட்டம் முழுதாக ஏற்றிய பேட்டரி ஸ்டார்ட்டர் சுழலும்போது தன் முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமானால், அதை மாற்றுவதே முறை. ஆதலால் புதிய பேட்டரி வாங்கச் சொல்பவரிடம், ஓய்வில் உள்ள வோல்ட், சாவி திருப்பும்போதுள்ள வோல்ட், இணைப்பில் இழக்கப்படும் வோல்ட் ஆகிய மூன்றையும் அளந்து காட்டும்படி கேட்டுப்பெறுவது கார் வைத்திருப்பவருக்கு நலம்.